கம்மலோடு புதைத்த பசுவும் கிடைக்காமல் போன தம்பியும்

வரப்பின் மேல் நின்று ஒரு தடவை 'அக்கோவ்' என்றால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற என் கண்ணு வேலுச்சாமிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நீ யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு எழுதியதுதான் கடைசி. நீ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த விலாசத்தைப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக உறையின் மேல் இழுத்து வைப்பேன். இந்தக் கடிதத்துக்கு அந்த வேலை இல்லை. எந்த ஊர்ப் பெயரை எழுதினால் உன்னிடம் வந்து சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பாய். அய்யன் இருக்கிறார். உன் மச்சான் இருக்கிறார். கிணற்றில் தண்ணீர் இல்லை. இரண்டு வருஷமாகக் கடலைக்காய் கொடியோடு காய்ந்துவிட்டது. என் கழுத்தில் காதில் இருந்ததெல்லாம் கிணற்றை ஆழப்படுத்தப் போய்விட்டது. நம் எருத்தேன்பதியில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் இதே கதைதான். மாரியம்மனுக்குச் செவ்வாய் வெள்ளி விளக்குப் போடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. எண்ணெய்ச் செலவை இன்றைக்கும் நோட்டில் தனியாகத்தான் எழுதுகிறேன். "சாமிக்குப் பண்றதுக்குமா கணக்கு?" என்று சிரிப்பாயே, அதே நோட்டு இல்லை, அதற்கப்புறம் எத்தனையோ நோட்டு.

நல்ல சேதி ஒன்று உண்டு. உன் மருமகள் சாந்தாமணி பி.காம். முடித்துவிட்டாள். நீ படித்த அதே எம்.காமுக்கு, அதே யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருக்கிறது. நீ எடுத்த அதே இன்சூரன்ஸும் ரிஸ்க்கும்தான் அவளுக்கும் தனிப் பாடம். வேறு ஏதாவது எடுத்தால் என்ன என்று கேட்டேன். "மாமா பாதி படிச்சதை வேற ஆரு படிப்பாங்கம்மா?" என்றாள். அந்தப் படிப்பு ஒருத்தனைத் தின்றது போதாதா என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இந்த மாதம் முடிவதற்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? எருமை ஒன்றை விட்டால் இருக்கிறது ஒன்றே ஒன்று. நீ எடுத்த பாலிசி.

நீ அதை எடுத்துவிட்டு வந்து சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. நான் பூஜைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இன்சூரன்ஸ் படிக்கறவன் பாலிசி இல்லாம இருந்தா, பூசாரி திருநீறு பூசாம இருக்கற மாதிரிங்கக்கா" என்றாய். "உனக்கு அப்புறம் ஆருக்குன்னு போட்டே?" என்று மச்சான் கேட்டார். "அக்கா பேருக்குத்தானுங் மச்சான். அக்காதான் கணக்குக் கரெக்டா வெப்பாங்க." நான் கையிலிருந்த புளியை உன்மேல் எறிந்தேன். வெள்ளிக்கிழமை அதுவுமாகச் சாவுப் பேச்சு பேசுகிறான் என்று திட்டினேன். நீ சட்டையில் ஒட்டிய புளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாய்.

அந்தப் பாலிசிப் பணத்தை வாங்க வேண்டுமானால், நீ உயிரோடு இல்லை என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும், சாமி. வரும் திங்கட்கிழமை பாலக்காட்டு ஆபீசில். உடல் கிடைக்காதவர்களுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டமாம். மலை சரிந்ததற்குப் போலீஸ் எழுதிய காகிதம் இருப்பதால், அங்கே இருந்த ஒருவருடைய வாக்குமூலமும் என்னுடைய சத்திய வாக்குமூலமும் இருந்தால் இப்போதே பார்க்கலாம் என்கிறார்கள். மூன்று வருஷம் போய்விட்டது. இன்னும் நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சட்டமே சொல்லிவிடும். ஆனால் சாந்தாமணியின் இடம் நாலு வருஷம் காத்திருக்குமா?

போடுவதா வேண்டாமா? இதை உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? அம்மன் முன்னால் நின்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் பல்லிகூடச் சொல்லவில்லை.

நம் செவலையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவசர நிலை வந்து பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு ஓடிய வருஷம். பாங்குக் கடனில் அய்யன் அந்தப் பசுவை வாங்கினார். அதோடு இன்சூரன்ஸ் செய்ய வேண்டும் என்று நீதான் ஹாஸ்டலிலிருந்து வந்து நின்று அடம்பிடித்தாய். டாக்டர் வந்து செவலையின் காதில் நம்பர் அடித்த தகட்டைக் குத்திவிட்டுப் போனார். ஊரெல்லாம் அதைக் கம்மல் என்றார்கள். "என்ற பையன் படிச்ச படிப்புக்கு மாட்டுக்குக் கம்மல் போட்டுட்டானுங்க. இனி மருமகளுக்கு எப்பப் போடுவானோ!" என்று அய்யன் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்வார். கிண்டல் மாதிரி இருக்கும், முகமெல்லாம் பெருமை.

நீ ஊரில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை செவலை வயிறு உப்பிச் செத்துப்போனது. கன்று போட்டு மாதம்கூட ஆகவில்லை. நாம் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தோம். குளிப்பாட்டினோம். மஞ்சள் பூசினோம். என் புதுச் சேலை ஒன்றைப் போர்த்தினேன். நெற்றிக்குக் குங்குமம் வைத்தபோது, அந்தக் கம்மலும் அவளுடைய நகைதானே என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். வாய்க்கால் ஓரம் ஆழமாகக் குழி வெட்டி இறக்கி, மேலே ஒரு தென்னம்பிள்ளை நட்டோம். அய்யன் மூன்று நாள் மாடு கட்டுகிற கட்டுத்தாரைப் பக்கமே போகவில்லை.

நீ லீவுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாய்.

"காது எங்கீங்கக்கா?"

"எந்தக் காதுடா?"

"செவலைக் காது. கம்மலோட அறுத்து வெச்சிருக்கீங்களா?"

உனக்குப் பஸ்ஸில் வெயில் பட்டுத் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். நீ நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். அவர் காதைக் கம்மலோடு அறுத்துக் கொடுப்பாராம். அதை ஆபீசுக்கு அனுப்பினால்தான் அந்த மாடுதான் செத்தது என்று ஒத்துக்கொள்வார்களாம். அய்யன் எழுந்து வந்தார்.

"மகாலட்சுமி காதை அறுக்கறவன் என்ற ஊட்ல பொறக்கலே."

"நான் அறுக்கச் சொல்லலீங்கய்யா. செத்தது இதுதான்னு காட்டோணுமுங்க."

"செத்தது எனக்குத் தெரியாதா?"

"நமக்குத் தெரியுமுங்க. ஆபீசுக்குத் தெரியோணுமே."

குழியைத் திறந்தால் காது கிடைத்திருக்கும். புதைத்து அதிக நாள் ஆகவில்லை. யாரையும் கேட்காமல் நீயே தோண்டியிருக்கலாம். நீ வாய்க்கால் வரைக்கும் போனதைப் பார்த்தேன். அந்தத் தென்னம்பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாய். பணம் வரவில்லை. அந்தக் கடனை எப்படியோ அடைத்தோம்.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. நூறு வீட்டில் ஒரு வீட்டுக்குத்தான் கெடுதல் வரும், எந்த வீடு என்று முன்னால் தெரியாது, அதனால் நூறு வீடும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பதுதான் இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "அது நம்ம மொய் மாதிரிதானே?" என்றேன்.

"மொய்ல ஆள் தெரியுமுங்கக்கா. இன்னார் ஊட்ல எழவுன்னா போய்ப் பாக்கறோம், அழுகறோம், குடுக்கறோம். இதுல ஒருத்தர ஒருத்தருக்குத் தெரியாது. ஆள் தெரியாததுனாலதான் காது கேக்கறாங்க."

அதற்கப்புறம் பாடத்தையும் சொன்னாய். ஆபத்து என்று ஒன்று இருந்தால் மனுஷன் நாலு வழியில் அதைச் சமாளிக்கலாமாம். விலகிப் போவது, குறைத்துக்கொள்வது, அடுத்தவர் தோளில் கொஞ்சம் ஏற்றி வைப்பது, ஒன்றும் முடியாவிட்டால் தானே தாங்கிக்கொள்வது.

"அஞ்சாவதா ஒண்ணை உட்டுட்டியே. சாமிகிட்டச் சொல்றது."

"அதை எங்க புரபசர் பரீட்சைல கேக்க மாட்டாருங்கக்கா."

மச்சானுக்குச் சோறு புரையேறும்படி சிரிப்பு. அதுதான் நாம் எல்லாரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் என்று யாருக்காவது தெரிந்திருக்குமா?

ஆபீஸ் காதைக் கேட்கிற அந்த விஷயம் உன் மனசில் முள்ளாக நின்றுவிட்டது. படிப்பின் முடிவில் ஏதோ ஒன்றை நேரில் பார்த்து எழுத வேண்டுமாம், அதற்காக இடுக்கிப் பக்கம் மலைக்குப் போகிறேன் என்றாய். சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் சரிவின் கீழே வரிசையாக லயம் கட்டிக் குடியிருக்கிற எஸ்டேட் ஜனங்கள், மழையைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள், என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதப் போகிறாய் என்று சொன்னாய். மழைக்காலத்திலா போவது என்றேன். "வெயில் காலத்துல கேட்டா எல்லாருந் தைரியமாத்தானுங்கக்கா சொல்லுவாங்க" என்றாய்.

கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறினாய். ஜன்னலில் கை காட்டினாய். அவ்வளவுதான்.

அந்த ஆடியில் மலை இறங்கியது. உருள்பொட்டல் என்று மலையாளப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அய்யனும் மச்சானும் போனார்கள். அய்யன் பத்து நாள் கையாலேயே மண்ணைத் தோண்டினார் என்று மச்சான் சொன்னார். மற்ற எல்லாரும் கிடைத்தார்கள். நீ மட்டும் கிடைக்கவில்லை. கீழே ஓடை இருந்ததாம். ஓடை ஆற்றில் போய் விழுகிறதாம்.

கோயில் குருக்கள், தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியம் பண்ணலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். "புல்லுப் பொம்மைய எரிக்கறதுக்கா நான் புள்ளை பெத்தன்?" என்றார் அய்யன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. மூன்று வருஷமாகத் தீபாவளிக்கு உனக்கும் ஒரு வேட்டி எடுக்கிறார். பஸ் ஹாரன் கேட்டால், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்புவார். பஸ் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து பேசுவார். உன் படத்துக்கு நான் மாலை போடவில்லை. பொட்டு வைக்கவில்லை. அம்மனிடம் உனக்காக என்ன வேண்டுவது என்றே தெரியாமல், "அவனைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்வேன். எங்கே இருந்தாலும் பொருந்துகிற வேண்டுதல் அதுதானே?

போன வாரம் நானும் சாந்தாமணியும் அந்த மலைக்குப் போனோம். எனக்கு அந்த ஏற்றம் இதுவே முதல் தடவை. பஸ் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். உன்னோடு பழகியவர் என்று ராக்கம்மா என்று ஒரு அம்மாளைக் காட்டினார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, எங்களை உட்கார வைத்துக் கட்டன் சாயா கொடுத்தார்.

"அந்தத் தம்பி எங்க லயத்துலதாம்மா தங்கியிருந்தாக, கடைசி வீட்டுல. எப்பப் பாத்தாலும் கேள்விதான். மழ பெஞ்சா பயமா இருக்காதா, பயமா இருக்காதாம்பாக. பயந்தா கொழுந்து பறிக்க முடியுமா தம்பின்னு நாங்க சிரிப்போம்."

"அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"வெளக்கப் பாத்தேன். பொழுது சாஞ்ச நேரம், நல்ல மழ. கடைசி வீட்டுச் சன்னல்ல வெளக்கு இருந்துச்சு. மல எரஞ்சுச்சு. திரும்பிப் பாத்தா வெளக்கு இல்ல. சன்னலும் இல்ல."

"உள்ள இருந்தது அவந்தானா?"

"வெளக்கு ஏத்துனா அவுகதான ஏத்தியிருக்கணும். ஆனா ஆளப் பாத்தேன்னு எப்புடிம்மா சொல்லுவேன்? எம் மகளும் அந்த மண்ணுலதான் போனா. அவள இந்தக் கையால எடுத்தேன். அதனால அவளுக்குச் சத்தியம் பண்ணுவேன். தம்பிக்கு வெளக்க மட்டுந்தான் சொல்லுவேன்."

சாந்தாமணி அந்த அம்மாள் சொன்னதை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் எழுதினாள். அவர் கைநாட்டு வைத்தார். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. மை எது கறை எது என்று தெரியவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்க ஒண்ணுமில்லாமப் போறது அதவிடக் கொடும தாயி" என்றார். மகளைப் புதைத்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

இறங்கி வரும்போது சாந்தாமணி கேட்டாள். "மாமா சொல்லுவாரேம்மா நாலு வழி. இவங்களுக்கு இருந்தது எதும்மா?" விலகிப் போக வேறு வீடு இல்லை. குறைத்துக்கொள்ள மலையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏற்றி வைக்கத் தோள் இல்லை. "கடைசி ஒண்ணுதான்" என்றேன். அவள் பொள்ளாச்சி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நீ எழுத நினைத்தது இதைத்தானா, சாமி?

நேற்று அய்யனிடம் பேசினோம். அவர் செவலையின் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். கிணற்றில் இருக்கிற கொஞ்சத்தில் அந்த மரத்துக்கு முதல் தண்ணீர்.

"அய்யா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"பாலக்காட்டுச் சமாச்சாரமா? கேக்காத."

சாந்தாமணி முன்னால் வந்தாள். "அப்பிச்சி, சட்டத்துல என்ன போட்டிருக்குதுன்னு மட்டும் சொல்றனுங்க. ஒரு ஆள் உசுரோட இருந்தா அவங்களப் பத்தி ஆருக்குத் தெரிஞ்சிருக்குமோ, அவங்களுக்கு ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லீன்னா, அவங்க இல்லீன்னு வெச்சுக்கலாமுங்க."

"ஆருக்குத் தெரிஞ்சிருக்கோணும்?"

"உங்களுக்குத்தானுங் அப்பிச்சி."

"அப்ப என்னைய வந்து கேக்கச் சொல்லு. எனக்குத் தகவல் இருக்குது."

"என்ன தகவலுங்க?"

அய்யன் மண்வெட்டியை மண்ணில் குத்திவிட்டு மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"காது குடுக்கலீன்னு அவனுக்கு எம்மேல வருத்தமா இருந்துச்சா, வள்ளி?"

"இல்லீங்கய்யா. இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தீட்டுத்தான் வந்தான்."

அவருக்கு அது தெரியாதாம். மூன்று வருஷமாக நான் அதைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்வெட்டியை எடுத்து, கட்டின பாத்தியையே மறுபடியும் கட்டினார். பிறகு சொன்னார்.

"நீ போய் எழுதிக் குடு. புள்ளை படிக்கோணும். நான் எழுதிக் குடுக்க மாட்டன். ஒரு ஊடுன்னா, அவன் இல்லீன்னு சொல்லாம ஒருத்தராவது இருக்கோணும்."

இதுவரைக்கும் எழுதிவிட்டு விளக்கு வைக்கப் போகிறேன். திங்கட்கிழமை என்ன செய்வேன் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. போகச் சொன்னது அய்யன்தான், ஆனால் போட வேண்டியது என் கை.

*

இன்று செவ்வாய். நிறுத்திய இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நேற்றுப் போனேன். மாரியம்மன் கோயில் திருநீற்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். மச்சான் வாசலோடு நின்றுகொண்டார். ஆபீசர் மலையாளத்துக்காரர், நம் பக்கத்துத் தமிழ் கொஞ்சம் தெரியும். உட்காரச் சொன்னார். முத்திரைக் காகிதத்தில் மலையாளத்தில் எழுதி வைத்திருந்ததை வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னார். உன் பெயர், அய்யன் பெயர், நம் ஊர். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அடையாளம் என்று ஒரு இடம். உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வலது காது மடலில் ஒரு மச்சம்.

எனக்கு அப்போது கேட்டதெல்லாம் உன் குரல்தான். காது எங்கீங்கக்கா என்கிறாய். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை நீ.

ஆள் தெரியாததால் கேட்கிறார்கள், கண்ணு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவன் நீ. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அந்த மச்சத்தை அழுக்கென்று நினைத்து முதலில் ஒரு தடவை தேய்த்துவிட்டுத்தான் விடுவேன், நீ கத்துவாய். அதை அந்தக் காகிதத்தில் எங்கே எழுதுவது?

கடைசி வரி, 'என் தம்பி மரித்துப்போனது எனக்குத் தெரியும்' என்று இருந்தது. எனக்குத் தெரியாதே என்றேன். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே மச்சான் எட்டிப் பார்த்தார். ராக்கம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன். பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். நான் பார்த்தது, பஸ் ஜன்னலில் ஒரு கை. அதற்கப்புறம் மூன்று வருஷமாக வராத ஒரு கடிதம். எழுதாமல் இருக்கிறவனா நீ? உயிர் இருந்தால் அய்யனை இப்படி ரோட்டைப் பார்க்க வைத்திருப்பாயா? அதைத்தான் அவரிடம் சொன்னேன், அழாமல் சொன்னேன். "விஸ்வசிக்குன்னு என்று எழுதினால் போதும் சேச்சி, நம்புகிறேன் என்று அர்த்தம்" என்றார். பழையதை அடித்துவிட்டு மேலே எழுதினார். அடித்த இடத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டேன். இரண்டும் கோணாமல் விழுந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பணம் வந்துவிடும் என்கிறார்கள். அதுவரைக்கும் முதல் தவணைக்கு ஈடுகட்ட மச்சான் எருமையை விற்கிறார். சாந்தாமணி பெட்டி கட்டுகிறாள். உன் புத்தகங்களை எடுத்து வெயிலில் வைத்திருக்கிறாள். ஓரத்தில் நீ பென்சிலால் கிறுக்கி வைத்ததை அழிக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னாள், நான் என்னவோ அழிக்கப் போகிற மாதிரி. தாய்மாமன் சீர் நீ தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். இப்படி வந்து சேர்கிறது. வேண்டாம் என்று அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். "மாமா இல்லீன்னு சொல்லி வாங்கற காசுல படிச்சா எனக்கு ஏறுமா?" என்றாள். ஏறும், ஏற வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்ல?

நேற்று நான் திரும்பி வந்தபோது அய்யன் தண்ணீர் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன், வேலு. விரலில் ஆபீஸ் மை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தவள் நான், கழுத்தை நீட்டி யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன்.

அதனால் உனக்கு இதைச் சொல்லி முடிக்கிறேன். அய்யன் இருக்கிற வரைக்கும் உன் படத்துக்கு மாலை ஏறாது. தீபாவளி வேட்டியை நானே துவைத்து மடித்து வைப்பேன். அய்யனுக்கு அப்புறம், ஆற்றங்கரையில் உனக்கு நடக்க வேண்டியதை நான் நின்று நடத்துவேன், பொம்பளை என்று யார் தடுத்தாலும் சரி. அதற்கு முன்னால் என்றைக்காவது நீ அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாயானால், பொய்ச் சத்தியம் செய்தவள் என்று போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும். வாங்கின பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கட்டிவிட்டு, அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, ஊர் முழுக்கப் பார்க்கச் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறுவேன். இது அம்மன்மேல் சத்தியம். ஆபீசில் போட்டதைவிடப் பெரியது.

நீ இல்லை என்று நம்புகிறேன் என எழுதிக் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற

உன் அக்கா,
வள்ளியாத்தாள்